போர்டு ஐயாவின் இரண்டாவது வரி

நாவலாசிரியர்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொன்ன பொன்மொழிகளை யாராவது கைபேசியில் அனுப்பினால் நான் திறந்து பார்ப்பதில்லை. சூரியன் உதிக்கிற படம், அதன் மேல் இரண்டு வரி, கீழே ஒரு பெரிய எழுத்தாளரின் பெயர். "ஏன் டீச்சர், நல்ல விசயந்தானே அனுப்புறோம்?" என்று கேட்கிறார்கள். நல்ல விஷயந்தான், இல்லையென்று யார் சொன்னது? அதே நல்ல விஷயத்தை நானும் நாலு வருடம் செய்தவள். என் கூடப்பிறந்த தங்கச்சி பிழைப்பாளா மாட்டாளா என்பதே கடைசியில் அப்படியொரு பொன்மொழியில் வந்து நின்றது.

எங்களுடையது இலங்கை மலைநாட்டில், நமுனுகுலப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை, அதனால் எல்லோருக்கும் நான் டீச்சர். விடிந்ததும் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து என்று கேட்டுக்கொண்டு வரும் பெண்கள், கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை பால் கொடுப்பது, தூங்க வைப்பது, மூக்குச் சிந்தி விடுவது எல்லாம் என் பாடு. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் நாவல் படிப்பேன். உயர்தரப் பரீட்சையில் கோட்டை விட்டவளுக்கு இதாவது இருக்கட்டும் என்று ஆரம்பித்த பழக்கம். பிறகு அது இல்லாமல் ஒருநாள் கூட இருக்க முடியாமல் போயிற்று.

பிள்ளைக்காம்பராவின் வாசல் சுவரில் ஒரு கறுப்புப் பலகை உண்டு. இரண்டு முழ அகலம் கூட இருக்காது. எத்தனை பிள்ளைகள் வந்திருக்கின்றன, யாருக்கு எப்போது தடுப்பூசி என்று எழுதுவதற்காகக் கொடுத்தது. ஒருமுறை பதுளைக்குப் போனபோது பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் கிடைத்தது. முன்னட்டையும் இல்லை, பின்னட்டையும் இல்லை. உலகத்துப் பெரிய நாவலாசிரியர்கள் காதல், கல்யாணம், வயோதிகம், சாவு என்று எல்லாவற்றையும் பற்றிச் சொன்னதைப் பொறுக்கித் தமிழில் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் வளைவு வளைவாக ஏறி வரும்போதே படித்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். மறுநாள் காலையில் பலகையின் கீழ்ப்பாதியில், தடுப்பூசிக்கு அடியில், வெண்கட்டியால் ஒரு வரியை எழுதிப் போட்டேன்.

சொன்னவர்களின் பெயரை நான் எழுதவில்லை. ரஷ்யப் பெயரும் பிரெஞ்சுப் பெயரும் எங்கள் வாயில் நுழையாது. எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் கங்காணி மலையிலிருந்து சத்தம் போடத் தொடங்கிவிடுவார். அதனால் எல்லா வரிக்கும் கீழே 'ஒரு பெரிய நாவலாசிரியர்' என்று மட்டும் போட்டேன். தோட்டத்தில் எல்லோரும் அது ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் அவருக்குப் போர்டு ஐயா என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டால் அவர் பாடு திண்டாட்டந்தான். ஒருநாள் கல்யாணத்தைத் தூக்கி வைத்துப் பேசுவார், மறுநாள் அதையே போட்டு மிதிப்பார். "என்னா டீச்சர், நேத்துதான் பொண்டாட்டிய அப்புடிப் புகழ்ந்தாரு, இன்னைக்கி இந்தப் போடு போடுறாரு? வீட்டுல சோறு கெடைக்கலயா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் கூடையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தார்கள். "அந்த ஐயாவுக்கு வயசு என்னா இருக்கும்?" "நம்ம கோயில் திருவிழாவுக்குக் கூப்புட்டா வருவாரா?" இப்படியெல்லாம் கேட்பார்கள். குடிகாரப் புருஷனோடு மல்லுக்கட்டிய ஒருத்தி, குடியைப் பற்றிய வரியை மகளின் கொப்பியில் எழுத வைத்துக் கதவில் ஒட்டினாள். இரண்டு குடும்பச் சண்டையை "போர்டு ஐயாவே சொல்லிப்புட்டாரு, பெறகென்னா?" என்று சொல்லியே கங்காணி தீர்த்து வைத்தார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பொய் சொல்லுவானேன், நன்றாகவே ஏறிவிட்டது.

நாலாவது வருடம் ஆடி மாதம் புத்தகம் தீர்ந்துபோயிற்று. முதலிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே, "டீச்சர், இது ஏற்கெனவே போட்டதுதானே" என்று பிடித்துவிட்டார்கள். புதுப் புத்தகத்துக்குப் பதுளையில் இரண்டு தரம் அலைந்து பார்த்தேன், கிடைக்கவில்லை. அப்புறம் ஒருநாள் காலையில் நானே ஒரு வரியை யோசித்து எழுதி, அடியில் 'ஒரு பெரிய நாவலாசிரியர்' என்று போட்டேன். ஒருத்தியும் கண்டுபிடிக்கவில்லை. "இன்னைக்கி ஐயா அருமையா சொல்லியிருக்காரு" என்றாள் பிள்ளையை இறக்கிவிட வந்த முதல் ஆள். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் என் வரிகள்தான்.

இவ்வளவு நாவல் படித்தும் எனக்கு ஒன்று உறைக்கவில்லை. நாவலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாய் இருக்கிறது. வெட்டொன்று துண்டிரண்டாக வரும் சாமர்த்தியமான வரிகளைப் பெரும்பாலும் ஒரு ஏமாற்றுக்காரனோ, வாய்க்கொழுப்பு எடுத்தவனோ, அழியப்போகிறவனோதான் சொல்லுவான். அப்படிச் சொன்னதற்காக இருநூறு பக்கம் அவனைப் படாத பாடு படுத்திவிட்டுத்தான் நாவலாசிரியர் விடுவார். வரியைப் பிய்த்து எடுக்கிறவர்கள் அந்த இருநூறு பக்கத்தைப் புத்தகத்திலேயே விட்டுவிடுகிறார்கள். நாலு வருடம் நான் பிய்த்து எடுத்தேன். பிறகு பக்கமே இல்லாமல் வரியை மட்டும் செய்தேன்.

என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் கொழுந்தெடுக்கிறவள்தான். மேல் லயம் என்பது ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு காம்பராக்கள், அதில் கடைசிக் காம்பரா அவளுடையது. லயத்துக்குப் பின்னால் நேரே மலை. அவள் புருஷனுக்குக் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். பிள்ளை இல்லை. அந்த ஒரு காம்பராவைத்தான் பிள்ளை மாதிரி வைத்திருந்தாள். சுவருக்குப் பூச்சடித்து, தரைக்கு டைல்ஸ் பதித்து, வாசலில் செவ்வந்தி வைத்து, அப்படி ஒரு நேர்த்தி. அந்த வருடம் ஐப்பசி மழை தொடங்கி ஒரு வாரத்தில் டைல்ஸின் நடுவே நூல் மாதிரி ஒரு கீறல் விழுந்தது. அடுத்த வாரம் அதில் சுண்டுவிரல் போயிற்று. பின்கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டு மூட முடியாமல் போனது. மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் கலங்கி வந்தது. கீறலின் மேல் ஒரு பாயை விரித்து மூடிவிட்டு அவள் வேலைக்குப் போய்வந்தாள்.

கிராம சேவகரும் தோட்டத்து உத்தியோகத்தர்களும் வந்து பார்த்து, மண் சரியலாம், மேல் லயத்து ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்க வேண்டும் என்றார்கள். இறங்கினார்கள். நாலு நாள் வகுப்பறையில் கிடந்தார்கள். மலை அசையவில்லை, திரும்பி ஏறினார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் மறுபடியும் இறங்கச் சொன்னார்கள். பலகாரச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு இறங்கினார்கள். அப்போதும் மலை அசையவில்லை. இரண்டு தரம் இப்படி ஆனபிறகு, இறங்கச் சொல்ல வருகிறவர்களைக் கண்டாலே லயத்தில் முகம் சுளிக்கத் தொடங்கினார்கள்.

என் தங்கச்சி மட்டும் யாரும் சொல்லாமலே இறங்கி வருவாள். மேற்கே கொஞ்சம் கறுத்தால் போதும், துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் நிற்பாள். பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால், பாறை மேல் கட்டிய ஒரு அறைதான் என் வீடு. பாறை என்பதால் அது பாதுகாப்பு. ஒருநாள் நனைந்த மூட்டையைக் கொண்டுவந்து, நான் பாதி படித்து வைத்திருந்த நாவலின் மேல் வைத்துவிட்டாள். புத்தகம் ஊறிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எனக்கு வந்த கோபம்!

"இன்னொரு தரம் இந்த மூட்டையத் தூக்கிக்கிட்டு இந்த வாசப்படி ஏறிப் பாரு!"

"பயமா இருக்குக்கா."

"பயம், பயம்! பயந்தாங்கொள்ளி, ஒனக்கு வேற என்னாடி தெரியும்? ஒரு மழ தாங்க மாட்டியா?"

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மழையிலேயே திரும்பிப் போனாள். மறுநாள் காலையிலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. பலகையைத் துடைத்துவிட்டு, அவளைக் குத்திக்காட்டுவதற்காகவே இப்படி எழுதினேன்: 'மூட்டை கட்டியே வாழ்நாளைக் கழித்தவனுக்கு வீடு என்று ஒன்று இருந்ததே இல்லை.' அடியில் வழக்கம்போல் ஒரு பெரிய நாவலாசிரியர்.

அவளுக்குச் சுருக்கென்று தைக்கும், அழுவாள், சாயந்திரம் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அவள் வந்தாள், நின்றாள், இரண்டு தரம் வாசித்தாள், மலைக்குப் போனாள். அது தன்னைக் குத்துவதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. நாவலாசிரியர் எங்கே, அவள் எங்கே! அவளுக்குப் பக்கத்துக் காம்பராவில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்தப் பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தினமும் சாயந்திரம் போர்டு ஐயா சொன்னதை என் தங்கச்சிதான் அவருக்கு ஒப்பிப்பாள். அன்றைக்கும் ஒப்பித்திருக்கிறாள்.

எங்கள் ஆட்களிடம் மூட்டை என்ற சொல்லைச் சும்மா எடுத்துப் போட முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடல் தாண்டி வந்தது மூட்டையோடு. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது அழுது அழுது ரயிலேறியதும் மூட்டையோடு. கலவரத்தில் தேயிலைக்குள் பதுங்கியபோது தலைமாட்டில் இருந்ததும் அதே மூட்டை. நாலு தலைமுறையாக இருக்கிற லயத்துக் காம்பரா இன்றைக்கும் சொந்தமில்லை. அப்பேர்ப்பட்டவர்களுக்கு முன்னால் நான் அந்த வரியை எழுதிவைத்தேன். தேநீர்க் கடையில் அதையே பேசினார்கள். மேல் லயத்துச் சுவரில் யாரோ கரிக்கட்டையால் பெரிதாக எழுதியே வைத்துவிட்டார்கள். "நமக்குன்னே சொன்ன மாதிரி இருக்கு டீச்சர். இனிமே யாரு வந்து சொன்னாலும் நகர்றதில்ல" என்றார் ஒருவர். இது தப்பாகப் போகிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது. மூன்று நாள் அந்த வரியை அழிக்காமல் விட்டுவைத்தேன்.

கார்த்திகையில் மழை மறுபடியும் பிடித்தது. இரண்டு நாள் விடவேயில்லை. இரண்டாம் நாள் பிற்பகலில் மூன்றாவது தடவையாக இறங்கச் சொல்லி வந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே பத்துக் குடும்பங்கள் இறங்கின. எல்லாம் பிள்ளைக்குட்டி உள்ளவர்கள். நான் தங்கச்சிக்கும் சேர்த்துச் சோறு வடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள்தானே தோட்டத்திலேயே முதலில் ஓடி வருகிறவள்! வரவில்லை. கைபேசியில் கூப்பிட்டேன்.

"நான் வரலக்கா. இந்தத் தடவ நிக்கிறேன்."

"பைத்தியமா ஒனக்கு?"

"பயந்தாங்கொள்ளின்னு நீங்கதானே சொன்னீங்க? சரிதான்னு தோணுச்சு. ஐயா சொன்னதும் சரியாத்தான் இருக்கு. எத்தன தரந்தான் மூட்ட கட்டுறது? பெரியம்மாவும் பெரியப்பாவும் இருக்காங்க, தொணைக்கு."

அவள் குரலில் நடுக்கமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இன்னும் ஏதோ சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது, அதன் பிறகு கிடைக்கவில்லை. அப்போதே மேலே ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. வீம்புக்குப் பேசுகிறாள், விடிந்தால் தானாக வருவாள் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் வீம்பும் அதில் இருந்தது.

மறுநாள் மழையில் வேலை இல்லை, பிள்ளைகளும் வரவில்லை. ஒன்பது மணி இருக்கும். பாத்திரம் கழுவப் பின்கதவைத் திறந்தேன். ஏதோ சரியில்லை என்று பட்டது, என்னவென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் புரிந்தது, ஓடைச் சத்தத்தைக் காணோம். இரண்டு நாளாக இரைந்துகொண்டிருந்த ஓடையில் கல்லும் சேறும் மட்டும் கிடந்தன. மழையோ கொட்டுகிறது. மலைநாட்டில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மேலே மண் இறங்கி ஓடையை அடைத்திருக்கிறது, தண்ணீர் மலைக்குள் தேங்கிக்கொண்டிருக்கிறது. ஹல்துமுல்லையில் வாழ்க்கைப்பட்ட என் சிநேகிதி ஒருத்தி மண்சரிவில் தப்பியவள். "தண்ணி நின்னா நிக்காத, ஓடிரு" என்று அவள் சொன்னது காதில் கேட்டது.

குடையை எடுக்கவில்லை, செருப்பும் வழியில் எங்கோ போய்விட்டது. படிக்கட்டெல்லாம் தண்ணீர். பாதி ஏறியபோது மண் வாசனை மூக்கில் அறைந்தது. புதுமழை வாசனை இல்லை, குழி தோண்டும்போது வருமே, அது. மேலே காட்டுக்குள் வேர்கள் அறுந்து தெறிக்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. லயத்தில் பத்துக் காம்பராவும் பூட்டிக் கிடந்தன. என் தங்கச்சியின் கதவு மட்டும் திறந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து பால் விடாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். கீறலை இப்போது பாயால் மூட முடியவில்லை, அதன் மேல் கட்டிலை இழுத்துப் போட்டிருந்தாள்.

"எந்திரிடி! ஓடை நின்னு போச்சு!"

"தெரியும்க்கா. சத்தம் நின்ன பெறகுதான் நிம்மதியா இருக்கு."

"அடிப்பாவி! அந்த வரிய எழுதுனது நான்டி. போர்டு ஐயாவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஒன்மேல இருந்த கோவத்துல நானே எழுதுனேன்!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பாவம் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "என்னயக் கெளப்புறதுக்கு என்னா பொய்யெல்லாம் சொல்றீங்க! ஒங்களுக்கு அப்புடி எழுத வருமாக்கா?"

உண்மையைச் சொல்கிறேன், மலை தலைக்கு மேல் நிற்கும் அந்த நிமிடத்திலும் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. சே, என்ன பிறவி நான்!

"அம்மா மேல சத்தியம்டி!"

"செத்தவங்க மேல பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க. நீங்க வேணும்னா போங்க, நான் இருக்கேன்."

கையைப் பிடித்து இழுத்தேன். கட்டில் காலைப் பற்றிக்கொண்டாள். சுவரிலிருந்து பூச்சு ஒரு முறத்தளவு பெயர்ந்து விழுந்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லி அவளை எழுப்ப முடியாது என்று அப்போது எனக்கு விளங்கிற்று.

"ஐயா அதோட நிறுத்தலடி. அதுக்கு அடுத்த வரி ஒண்ணு இருக்கு."

அவள் பிடி தளர்ந்தது. "என்னா வரி?"

தலை வெறுமையாகக் கிடந்தது. பிறகு ஏதோ வந்தது, வந்ததைச் சொன்னேன். "'ஆனால் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்தான் அடுத்த வீட்டைக் கட்டினான்.' அப்புடித்தான் முடிச்சிருக்காரு."

அவள் உதட்டுக்குள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "பெறகு இத ஏன் போர்டுல போடல?"

"எடம் பத்தல."

கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, சின்ன போர்டுதான்" என்றாள். அடையாள அட்டை வைத்த பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் பக்கத்துக் கதவைத் தட்டினாள். "பெரியம்மா, வாங்க, போவோம்!" கதவு ஒரு சாண் திறந்தது. "அவருக்குக் காச்சலு ஆத்தா, எந்திரிக்க முடியல. நீங்க போங்க. நாங்க எங்கயும் போறதா இல்ல. மூட்ட கட்டுறவனுக்கு வீடு இல்லேன்னு நீதானே சொன்ன?" என்றார் பெரியம்மா.

"பெரியம்மா, அதுக்கு இன்னொரு வரி இருக்கு…"

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "பெறகு சொல்லிக்கலாம்டி!" கதவைப் பார்த்து, "மலை எறங்கப் போவுது, வந்துருங்க!" என்று கத்திவிட்டுத் தங்கச்சியை இழுத்துக்கொண்டு ஓடினேன். காய்ச்சல்காரரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கியிருக்க முடியுமா? தூக்கியிருந்தால் எத்தனை படி இறங்கியிருப்போம்? இதை நான் ஆயிரம் தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன். தூக்க முயன்று பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மூன்றாவது வளைவைத் தாண்டியிருப்போம். காலுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். தேயிலைச் செடிகள் நட்ட வரிசை கலையாமல் நின்றபடியே கீழே நகர்ந்து வந்தன. அவற்றுக்குப் பின்னால் மரங்கள், பிறகு மலையே. லயத்தின் தகரக் கூரை ஒருமுறை தூக்கிக் காட்டியது, அப்புறம் இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லாம் நின்ற பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. தங்கச்சி, "பெரியம்மா, பெரியம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் இருவரையும் மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

நாங்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில் தங்கியிருந்தோம். எப்படித் தப்பினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தங்கச்சி இரண்டாவது வரியைச் சொன்னாள். போர்டு ஐயா காப்பாற்றிவிட்டார் என்று பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருத்தி அதை எழுதித் தரச்சொல்லி என்னிடமே கொப்பியை நீட்டினாள். நான் எழுதிக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. தங்கச்சி உயிரோடு இருக்கிறாள், அது போதும், மற்றதெல்லாம் மண்ணோடு போகட்டும் என்று இருந்தேன்.

ஆனால் அவள் சாப்பிடவில்லை. சாயத்தண்ணி மட்டும் குடிப்பாள். சோற்றைக் கொண்டுபோனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். புருஷன் கொழும்பிலிருந்து வந்து கெஞ்சிப் பார்த்தார், பலிக்கவில்லை. ஐந்தாம் நாள் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "மொத வரியச் சொல்லி அவங்கள நிறுத்தி வச்சது நான்தாங்க்கா. ரெண்டாவது வரியச் சொல்லாம வந்தவளும் நான்தான். கதவுக்கிட்ட நின்னேன், ஒரு வரி, அதச் சொல்லலயே. நான் கொன்னுட்டேன்." அவள் கன்னம் உள்ளே போயிருந்தது. மலையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தவளை இந்த வகுப்பறையில் பறிகொடுக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆறாம் நாள் காலையில் அவள் பாயில் போய் உட்கார்ந்தேன்.

"ரெண்டு வரியும் என்னோடதுடி. எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. வெறுமனே பார்த்தாள். "எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"நனைஞ்ச மூட்டைய நாவல் மேல வச்சியே, நான் ஏசுனேனே, நீ மழையில திரும்பிப் போனியே. அதுக்கு மறுநாள் காலையிலதான் அந்த வரி வந்துச்சு. நெனைச்சுப் பாரு."

அவள் விரல் விட்டு நாட்களை எண்ணினாள். எண்ணி முடிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டாள். வகுப்பறையில் யாரோ பிள்ளைக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டாவது வரி?"

"ஒன் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு அப்ப செஞ்சது."

"அப்ப பெரியம்மாவ நான் நிறுத்தி வைக்கல."

"இல்ல. நான்தான்."

அவள் கேட்டாள்: "மொத வரிய யாரை நெனைச்சு எழுதுனீங்க?"

"ஒன்னையத்தான்" என்றேன்.

அவள் எழுந்தாள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வகுப்பறையின் மறுகோடிக்குப் போய் அங்கே விரித்தாள். அன்று மத்தியானம் சோறு வாங்கி முழுவதும் சாப்பிட்டாள். என்னோடு இன்றுவரை பேசவில்லை.